ஒரு திரை போதும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பாடம் சமூக அறிவியல். இப்போது காங்கயம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சியில் இருக்கிறேன். இன்னும் தகுதித் தேர்வு, வேலை என்று தாண்ட வேண்டியவை நிறைய. இருந்தாலும் 'வருங்கால ஆசிரியை' என்று அழைத்து, வகுப்பறையில் இணையத்தை எப்படிப் பயன்படுத்துவாய் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு என் பதில் சின்னது. பிள்ளைக்கு ஒரு கருவி வேண்டாம். வகுப்புக்கு ஒரு திரை போதும்.

பத்தாம் வகுப்புப் புவியியலில் தமிழ்நாட்டின் நிலத்தோற்றம் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை, பாலக்காட்டுக் கணவாய் எல்லாம் அதில்தான். பாடத்திட்டக் குறிப்பில் துணைக்கருவி என்ற இடத்தில் வழக்கமாக 'வரைபடம்' என்று எழுதுவோம். நான் கூகுள் எர்த் என்று எழுதினேன். செயற்கைக்கோள் படங்களால் பூமியைக் காட்டும் இணையக் கருவி அது. முதலில் மலையைக் காட்டவில்லை. பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கூரையைக் காட்டிவிட்டு, மெல்ல மேலே போனேன்.

காங்கயம் வட்டாரத்தை வானத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கொரங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்களைப் பிரிக்கும் கிளுவைச் செடி வேலிகள் கோடு போட்டதுபோல் தெரியும். நடுவில் வெள்வேல மரங்கள் புள்ளி புள்ளியாக நிற்கும். ஒவ்வொரு தோட்டத்திலும் கிணறு ஒரு கறுப்புப் பொட்டு. "மிஸ், அந்த வேலிக்கு மேக்கால எங்க சாளைங்க" என்று தன் தோட்டத்து வீட்டைக் காட்டினான் ஒருவன். "இல்லைங்க மிஸ், அது எங்க பெரியப்பா தோட்டமுங்க" என்று பின் பெஞ்சிலிருந்து மறுப்பு வந்தது. எது கிழக்கு, தார் ரோடு எங்கே திரும்புகிறது, கோயில் எந்தப் பக்கம் என்று வகுப்பு முழுக்கச் சண்டை. திசை, அளவை, குறியீடு என்று நான் தனியாக நடத்த வேண்டிய பாடம் அந்தச் சண்டையிலேயே நடந்து முடிந்தது. ஆளுக்கொரு கைப்பேசியைக் கொடுத்திருந்தால் அவரவர் வீட்டைப் பார்த்துவிட்டு அமைதியாக இருந்திருப்பார்கள்.

அப்புறம் இன்னும் மேலே போனோம். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத இடைவெளி. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று இந்தப் பிள்ளைகளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். அந்தத் தென்மேற்குக் காற்று எந்த வாசல் வழியாக வருகிறது என்பதுதான் புதிது. பல்லடத்துக்கும் உடுமலைக்கும் இடையில் காற்றாலைகள் ஏன் வரிசை கட்டி நிற்கின்றன, காற்று வந்தும் நமக்கு ஏன் மழை குறைவு என்று கேள்வி மேல் கேள்வி.

அதே கருவியில் 1984-லிருந்து எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக ஓடவிடலாம். 2021-இல் வந்த வசதி. திருப்பூர் நகரம் பரந்துகொண்டே போவதை சில நொடிகளில் பார்த்துவிடலாம். நொய்யல் ஆற்றைத் தொடர்ந்து கிழக்கே வந்தால் ஒரத்துப்பாளையம் அணை. இங்கேதான் நான் திரையை அணைத்தேன்.

காரணம் இருக்கிறது. பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறந்த அணை அது. திருப்பூர் சாயக்கழிவு அதில் வந்து தேங்கி, இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. இதில் எதுவும் படத்தில் தெரியாது. அணையில் தண்ணீர் இருப்பது தெரியும், அதன் உப்பு தெரியாது. மேலும், சாயத்தண்ணீரால் விளைநிலம் கெட்ட வீட்டுப் பிள்ளையும், அப்பா சாயப்பட்டறையில் வேலை செய்யும் பிள்ளையும் என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு காணொலியைப் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்கும் விஷயமா இது? வீட்டில் தாத்தா பாட்டியை, அதாவது அப்பாருவையும் அம்மிச்சியையும், நொய்யல் பற்றிக் கேட்டு எழுதி வரச் சொன்னேன். பட்டறையை மூடியபோது சம்பளம் நின்றுபோன கதையும் வந்தது, கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாத கதையும் வந்தது. இரண்டையும் பலகையில் எழுதினோம். இணையம் எதுவரை வரும், எங்கே நிற்கும் என்பது எனக்கு அன்றைக்குப் பிடிபட்டது.

வீட்டுப்பாடத்துக்குக் கைப்பேசி வேண்டும் என்று சொல்லக் கூடாது என்பது என் கட்சி. நம் பாடநூல்களில் 2018-லிருந்து கியூஆர் குறியீடு இருக்கிறது. அதை வருடினால் அரசு நடத்தும் திக்‌ஷா தளத்தில் காணொலி திறக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல வீடுகளில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் அம்மாவோடு அது போய்விட்டு, பிள்ளை தூங்கும் நேரத்துக்குத்தான் வீடு திரும்பும். அந்தப் பிள்ளை மறுநாள் 'பார்க்கவில்லை' என்று எழுந்து நிற்க வேண்டுமா? குறியீட்டை ஆசிரியர் வகுப்பில் வருடிக் காட்டட்டும்.

இன்னொன்று. உறுப்பினராகப் பதிவு செய்தால்தான் திறக்கும் கருவிகளை நான் தவிர்க்கிறேன். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் எல்லாவற்றையும் எங்கோ ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு ஒரு வினாடி வினா ஆட வேண்டியதில்லை. 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரத்துக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்டுச் செய்வதுதானே முறை.

ஒரு திரை என்று சொன்னேன். அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. திருப்பூர் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். தமிழ் பேசக் கற்றுக்கொள்கிறார்கள், விளையாட்டில் கலந்துவிடுகிறார்கள், பாடநூல் தமிழ் மட்டும் தடுக்கிறது. கூகுள் மொழிபெயர்ப்பில் 2020-இல் ஒடியா சேர்ந்தது. ஒரு பத்தியை அதில் போட்டு அந்தப் பிள்ளையிடம் மட்டும் காட்டலாம். மொழிபெயர்ப்பு சில இடங்களில் உளறும். உளறியதை அந்தப் பிள்ளையே கண்டுபிடித்துச் சிரிக்கும். சிரித்தால் பாடம் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். திக்‌ஷாவில் மற்ற மாநிலங்களின் பாடநூல்களும் கிடைக்கின்றன. அதே பாடத்தை ஒடியாவில் தேடித் தருவது ஆசிரியருக்கு ஒரு மாலை நேர வேலை.

என் வழிகாட்டி ஆசிரியர் பழைய காலத்து ஆள். கூகுள் எர்த் வகுப்பைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எல்லாஞ் செரி அம்மிணி, கரண்டு போனா என்ன பண்ணுவே?" என்றார். நியாயமான கேள்வி. அதனால் சுண்ணக்கட்டியால் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்க்காமல் வரையப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஆனைமலை இன்னும் கொஞ்சம் கோணல்தான்.

நாளைக்கு வேலை கிடைத்து ஒரு பள்ளியில் சேர்ந்தால், தலைமையாசிரியரிடம் கேட்கப்போகும் பட்டியல் பெரிதில்லை. ஒரு புரொஜெக்டர், கடைசி பெஞ்ச் வரை கேட்கும் ஒரு ஸ்பீக்கர், அப்புறம் ஜன்னல்களுக்குக் கெட்டியான திரைத்துணி. முதல் இரண்டும் நிறையப் பள்ளிகளுக்கு வந்துவிட்டன. மூன்றாவதை யாரும் நினைப்பதில்லை. நம் ஊர் வெயிலில் பகல் பதினொரு மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு புரொஜெக்டர் போட்டுப் பாருங்கள், கணவாயும் தெரியாது, மலையும் தெரியாது. சென்னிமலைத் தறியில் நெய்த பெட்ஷீட்டே போதும்.

நன்றி, வணக்கம்.