கீரைக்கார அக்காவுக்கு ஒரு குழாய்

எல்லாருக்கும் வணக்கம். மேடையில இருக்குற தலைவர் அய்யா, ஆயிரம் வேலைய விட்டுட்டு வந்திருக்குற கவுன்சிலர் அக்கா, மண்டபத்துக்கு வாடகை வாங்காத அண்ணாச்சி, முன்வரிசையில ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் அய்யா (அவருக்குத் தனியா வணக்கம் சொல்லலேன்னா வாசல்ல வச்சுக் கேப்பாரு), மைக் செட் தம்பி, பின்னாடி நிக்கிற மார்க்கெட் அக்காமாரு, அத்தன பேருக்கும் வணக்கம்.

ஜூன் 7 உலக உணவுப் பாதுகாப்பு நாளு, அதுக்குத்தான் கூப்பிட்டாங்க. மூணு விஷயம் எழுதிட்டு வந்திருக்கேன், பாக்டீரியா, புழு, ஃப்ரிட்ஜு. எங்க அப்பத்தா வாய்க்கு வாய் சொல்லும், கூழானாலும் குளிச்சுக் குடின்னு. உலக சுகாதார நிறுவனம் 2015-ல போட்ட கணக்குப்படி வருசத்துக்கு 60 கோடிப் பேருக்கு சாப்பாட்டால சீக்கு வருது, 4 லட்சத்து 20 ஆயிரம் பேரு சாகுறாங்க, அப்படிச் சாகுறவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் அஞ்சு வயசு கூட ஆகாத புள்ள.

ஒரு கதை சொல்றேன். 2011 மே மாசம் ஜெர்மனி. திடீர்னு ஆளாளுக்கு ரத்தமா வயித்தால போகுது, கிட்னி நிக்குது, அதுவும் நல்லா சத்தா சாப்பிடுற பொம்பளைங்களுக்குத்தான் ஜாஸ்தி. ஈ.கோலை பாக்டீரியாவுல ஒரு பொல்லாத வகை. எதுலேர்ந்து வந்துச்சு? ஸ்பெயின் வெள்ளரிக்கான்னு சொல்லிட்டாய்ங்க. அம்புட்டுத்தான், ஸ்பெயின்காரய்ங்க வெள்ளரிக்காய வாங்க ஆளில்லாம அழிச்சாய்ங்க. அப்புறம் பாத்தா அது இல்ல! நோயாளிகளக் கேட்டா யாருக்கும் சரியா ஞாபகம் இல்ல. ஆராய்ச்சிக்காரய்ங்க என்ன பண்ணாய்ங்க, ஒரு ஹோட்டல்ல சாப்பிட்டவங்ககிட்ட என்ன ஆர்டர் பண்ணீங்கன்னு கேட்டுட்டு, நேரா அடுப்படிக்குப் போயி மாஸ்டர்கிட்ட "இதுல என்னென்ன போடுவ"ன்னு கேட்டாய்ங்க. மாட்டிக்கிச்சு. முளைகட்டின பயிறு! சாலட்டு மேல தூவுறது. அதுக்குப் பின்னாடியே போனா, எகிப்துலேர்ந்து வந்த வெந்தயத்த முளைகட்டினதுலதான் வந்திருக்கணும்னு முடிவு. வெந்தயம்க்கா! நம்ம இட்லி மாவுக்கு ஊறப்போடுற வெந்தயம்! அந்த வெந்தயத்துல கிருமி கடைசி வரைக்கும் டெஸ்ட்ல சிக்கவே இல்லேங்கிறது தனிக் கூத்து. 3,800 பேருக்கு மேல படுத்து, 50 பேருக்கு மேல போய்ச் சேந்தாங்க. அம்புட்டுப் பணக்கார நாட்டுல.

கொதிக்க வச்சா செத்துரும்லன்னு கேப்பீங்க. ஈ.கோலை சாகும். ஆனா ஸ்டஃபைலோகாக்கஸ்னு ஒண்ணு நம்ம தோல்லயும் மூக்குலயும் இருக்கு, கை வழியா சாப்பாட்டுல எறங்கி விஷத்த விட்டுருச்சுன்னா, திருப்பிச் சூடு பண்ணாலும் விஷம் போகாது. கை, கை, எல்லாம் கைதான். கூழானாலும் குளிச்சுக் குடி.

ரெண்டாவது புழு. பன்னிக்கறி அரைவேக்காட்டுல தின்னா வயித்துல நாடாப்புழு வரும், தெரியும். தெரியாதது என்னன்னா, அந்தாளு வெளிக்கிப் போற மலத்துல முட்ட வருது, அது தண்ணி வழியா கீரைக்கு வந்து, சுத்த சைவமா இருக்குறவரு வயித்துக்குள்ள போயி, மூளையில கட்டியா உக்காந்து, வலிப்பு வருது. இந்த நோய் பரவலா இருக்குற ஊருகள்ல வலிப்பு நோயாளிகள்ல கிட்டத்தட்ட 30 சதவீதம் இதாலன்னு சொல்றாங்க. சைவம்னா தப்பிச்சோம்னு நெனைக்காதீங்க ஹெட்மாஸ்டர் அய்யா.

இப்ப நான் பேச வந்ததுக்கே வர்றேன். நான் தெனம் போற மார்க்கெட்டுல ஒரு அக்கா கீரை விக்குது. காலையில பக்கெட்டுல புடிச்ச தண்ணி பதினோரு மணிக்குப் பச்சையா கொழகொழன்னு இருக்கும், அதுலயேதான் கட்டுக் கட்டா முக்கி எடுக்கும், அந்தக் கையாலயே சில்லறை தரும். ஏன்க்கா தண்ணிய மாத்தலேன்னா, "குழாய் எங்க இருக்கு தம்பி? கக்கூஸ் போகணும்னே நான் காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல"ங்குது. அந்தக்காகிட்டப் போயி கை கழுவுங்கன்னு நோட்டீஸ் குடுத்தா என்ன ஆகும்? குளிச்சுக் குடின்னு சொல்றவன் மொதல்ல தண்ணியக் காட்டணும்ல. வாரச்சந்தை, தெனச்சந்தை எதுவானாலும் நல்ல தண்ணிக் குழாய், சோப்பு, பொம்பளைங்களுக்குப் பூட்டுப் போட்ட கக்கூஸ், கழிவுத்தண்ணி வாய்க்கா வழியா கீரைப்பாத்திக்குப் போகாம தடுப்பு. இது இல்லாம லேப் கட்டி என்ன டெஸ்ட் எடுத்தாலும் டெஸ்ட்டுதான் மிச்சம்.

தலைவர் அய்யா துண்டுச்சீட்டு அனுப்பிட்டாரு, ஃப்ரிட்ஜு இன்னொரு நாளைக்கு. மனு நோட்டு மைக் செட் தம்பிகிட்ட இருக்கு, பேரு, வார்டு நம்பர் எழுதிட்டு டீ குடிக்கப் போங்க. கவுன்சிலர் அக்கா, மொதக் கையெழுத்து உங்களுதுதான், பேனா இந்தா.