தூக்குவாளி சொன்ன சாட்சி

நடுவர் அய்யாவுக்கும் தேவகோட்டைப் பெருமக்களுக்கும் வணக்கம். விசுவாசத்துக்குப் பெரிய சாட்சி பிரசங்கமா, சகோதர அன்பா என்பது தலைப்பு. அன்பே என்பது எங்கள் அணி.

தம் சீடர்களை உலகம் எதைக்கொண்டு கண்டுகொள்ளும் என்பதை இயேசுவே சொல்லிவிட்டார்: அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட அன்பைக்கொண்டு. யோவான் நற்செய்தி, 13ஆம் அதிகாரம். ஏறத்தாழ கி.பி. 197இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்கள் மாதந்தோறும் இயன்றதைப் போட்டு ஏழைகளுக்குச் சோறிட்டதையும் அவர்களை அடக்கம் செய்ததையும் எழுதிவிட்டு, ‘இவர்கள் எப்படி நேசித்துக்கொள்கிறார்கள், பாருங்கள்’ என்று பிற மதத்தார் பேசிக்கொண்டதையும் குறித்துவைத்தார். ‘எப்படிப் பிரசங்கிக்கிறார்கள், பாருங்கள்’ என்று அவர்கள் சொன்னதாக அவர் எழுதவில்லை!

அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழுவை அன்பியம் என்போம். அதைத் தொட்டு எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார்: “அன்பியக் கூட்டத்துக்கு ஆள் வருவது அன்புக்காகவா, முடிவில் கொடுக்கும் கருப்பட்டிப் பணியாரத்துக்காகவா?” கைதட்டலும் வாங்கினார். அண்ணன் தட்டில் எத்தனை விழுந்தது என்று நான் கேட்கவில்லை. ஆனால் பணியாரத்தைத் தொட்டுவிட்டாரே, அதற்குப் பதில் சொல்லாமல் நான் இறங்கமாட்டேன்.

எங்கள் அன்பியத்தில் பிள்ளையில்லாத ஒரு பாட்டி இருந்தார். அவருக்கும் என் தாயாருக்கும் எட்டு வருடமாகப் பேச்சில்லை. காரணம், மழைத்தண்ணீர் யார் முற்றத்தில் விழுவது என்பது. எட்டு வருடம், அய்யா! செபமாலையை ஒரே வீட்டில் ஒரே பாயில் சொல்வார்கள்; முகம் மட்டும் ஆளுக்கொரு திசையில் இருக்கும். ஒரு நாள் பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். மறுநாள் விடியற்காலையில் என் தாயார் தூக்குவாளி நிறையக் கஞ்சி கொண்டுபோய்த் திண்ணையில் ‘டங்’ என்று வைத்தார். பேசவில்லை, அந்த ‘டங்’தான் பேச்சு. அடுத்த நாளும் ‘டங்’. நாற்பது நாள் ‘டங்’. எதிர்வீட்டு ஆச்சி பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர், பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் வழிமறித்தார்: “ஏத்தா, பேசமாட்டே, கஞ்சி மட்டும் ஊத்துவியா? ஒங்க கோயில்ல இப்படித்தான் சொல்லிக்குடுக்குறாகளா?”

அய்யா, அந்த ஆச்சி ஒரு பிரசங்கமும் கேட்டவரல்லர். தூக்குவாளியைப் பார்த்துத்தான் கோயிலை விசாரித்தார்.

நாற்பத்தோராம் நாள் பாட்டி சுவரைப் பிடித்து எழுந்துவிட்டார். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தருவது நம் பக்கத்தில் வழக்கமில்லையே! திரும்பி வந்த தூக்குவாளியில் சூடான கருப்பட்டிப் பணியாரம் இருந்தது. கூடவே எட்டு வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தையும் வந்தது: “கஞ்சியில உப்புக் கம்மி.” அண்ணன் கேலி செய்த பணியாரம் அதுதான்.

அதன்பிறகும் கஞ்சி நிற்கவில்லை, மூன்று வருடம். பாட்டி இறந்தபோது குளிப்பாட்டிக் கோடி உடுத்தியவர் என் தாயார்தான். அடக்கம் முடிந்த மறுநாள் விடியலில், வழக்கம்போலத் தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றி, மூடியைப் போட்டு, வாசற்படி இறங்கிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் அப்படியே நின்றார். எதிர்வீட்டு ஆச்சிதான் எழுந்துவந்து, ஒன்றும் பேசாமல், அந்தத் தூக்குவாளியை வாங்கிக்கொண்டார்.

வணக்கம்.