வம்ச அட்டவணையில் பெயர் காணாதவர்கள்

நேயர்கள் எல்லாருக்கும் அன்பின் வணக்கம். இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்டிருப்பது எஸ்றாவின் புத்தகம், இரண்டாம் அதிகாரம். வேதாகமத்தை ஒரே வருடத்தில் வாசித்து முடிக்கத் தொடங்கியவர்களுக்கு இந்த அதிகாரம் நன்றாகத் தெரியும். பாரோஷின் புத்திரர் 2,172 பேர், செபத்தியாவின் புத்திரர் 372 பேர், ஆராகின் புத்திரர் 775 பேர் என்று போய்க்கொண்டே இருக்கும். குடும்ப ஜெபத்தில் இது வந்தால், வாசிக்கிற பிள்ளை நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்க்கும். அவரும், "சரி, அடுத்த அதிகாரத்துக்குப் போ" என்பார். அப்படித் தாண்டிப் போகிற இடத்தில்தான் எனக்குப் பல வருடங்களாக ஆறுதல் தந்த சில வசனங்கள் இருக்கின்றன.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 586-ஐ ஒட்டி நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை அழித்தது. ஜனங்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனார்கள். கி.மு. 539-ல் பாபிலோனைப் பிடித்த பெர்சிய ராஜா கோரேஸ், ஊர் திரும்பி ஆலயத்தைக் கட்ட அனுமதி கொடுத்தார். தலைவரான செருபாபேலோடும் பிரதான ஆசாரியனான யெசுவாவோடும் கிளம்பிய குடும்பங்களின் கணக்குதான் இந்த அதிகாரம்.

கிளம்புவது எளிதாக இருந்திருக்காது. பாபிலோன் பகுதியில் 'அல்-யாகூது' என்ற யூதக் குடியிருப்பைச் சேர்ந்த களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பழையது கி.மு. 572-ஐச் சேர்ந்தது. நிலக் குத்தகை, கடன், வாற்கோதுமையிலும் பேரீச்சம்பழத்திலும் கட்ட வேண்டிய பாக்கி என்று அன்றாடக் கணக்குகள் அவற்றில் எழுதப்பட்டிருக்கின்றன. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்று தீர்க்கதரிசி எரேமியா கடிதம் எழுதியிருந்தாரே, அப்படியே வேரூன்றிவிட்டார்கள். அங்கேயே பிறந்த தலைமுறைக்கு எருசலேம் என்பது தாத்தா பாட்டி அழுதுகொண்டே சொன்ன ஊர், அவ்வளவுதான். பின்னாளில் எஸ்றா வந்தபோது வழிப்பயணத்துக்கு நான்கு மாதம் ஆனது. அத்தனை தூரம் நடந்து வந்தால், கண்ணுக்கு முன்னே இருப்பது இடிந்த மதில். இதற்குச் சம்மதித்தவர்களின் பெயர்களைத்தான் நாம் வேகமாகப் புரட்டிவிடுகிறோம்.

பட்டியலின் நடுவில், 23-ம் வசனத்தில், ஆனதோத்தின் மனிதர் 128 பேர் என்று ஒரு வரி வரும். ஆனதோத் எரேமியாவின் சொந்த ஊர். சொந்த ஊர்க்காரர்களே அவரைக் கொல்லப் பார்த்தார்கள். அதற்காக அந்த ஊருக்கு வந்த தீர்ப்பு எரேமியா 11-ம் அதிகாரத்தில் இருக்கிறது. மீதியாக ஒருவரும் இரார்கள் என்று அவ்வளவு கடுமையாக இருக்கிறது. ஆனால் அதே புத்தகத்தின் 32-ம் அதிகாரத்துக்குப் போங்கள். எருசலேமைச் சுற்றிலும் பாபிலோன் படை நிற்கிறது. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நிலையில், ஆனதோத்தில் இருக்கிற ஒரு நிலத்தை வாங்கு என்று கர்த்தர் சொல்லுகிறார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, சாட்சி வைத்து, முத்திரை போட்டு, பத்திரத்தை ஒரு மண்பாண்டத்தில் வைக்கும்படி தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுக்கிறார். எதிரியின் கைக்குப் போகப்போகிற நிலத்துக்குப் பத்திரப்பதிவு!

அந்த ஊருக்குத்தான் 128 பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். தீர்ப்பு எப்படி இரக்கமாக மாறியது என்று எஸ்றா ஒரு வார்த்தையும் விளக்கவில்லை. எண்ணை எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். எனக்கு அந்த எண் போதும். தகப்பன்மார் தீர்க்கதரிசியைத் துரத்தின ஊர் என்று எந்தக் குறிப்பும் அந்தப் பிள்ளைகளின் பெயரோடு ஒட்டி வரவில்லை.

அப்புறம் ஆலயப் பணியாளர்களின் கணக்கு. ஆசாரியர்கள் நாலாயிரத்துக்கும் மேல். ஆசாரியர்களுக்கு உதவியாக ஆலய ஊழியம் செய்த லேவியர் வெறும் 74 பேர். நிதனீமியரும் சாலொமோனின் வேலைக்காரரின் புத்திரரும் சேர்ந்து 392 பேர். ஆலயத்தில் அடிமட்ட வேலை செய்த குடும்பங்கள் இவை. கௌரவமான லேவியரைப் போல ஐந்து மடங்குக்கும் மேலாக இவர்கள் புறப்பட்டு வந்திருக்கிறார்கள். இவர்களைக் குடும்பம் குடும்பமாக, ஏறக்குறைய 45 பெயர்களாக, விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்போது 59-ம் வசனத்துக்கு வருகிறேன். தெல்மெலா, தெல்அர்சா முதலான இடங்களிலிருந்து சிலர் வந்தார்கள். தாங்கள் இஸ்ரவேலர்தான் என்று காட்ட அவர்களிடம் ஒன்றும் இல்லை. தெலாயா, தொபியா, நெகோதா என்பவர்களின் புத்திரர், மொத்தம் 652 பேர். வம்சமே எல்லாமாக இருந்த ஒரு சமுதாயத்தில் இது எவ்வளவு பெரிய தலைக்குனிவு என்று யோசித்துப் பாருங்கள். பாபிலோனிலேயே இருந்திருந்தால் யாரும் அவர்களைக் கேட்டிருக்கப்போவதில்லை. கேள்வி வரும் என்று தெரிந்துதான் வந்திருப்பார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பியதாக வேதத்தில் இல்லை. நிரூபிக்க முடியாதவர்கள் என்று உண்மையை எழுதி, எண்ணி, அதே அதிகாரத்தில் இடமும் கொடுத்தார்கள்.

ஆசாரியர்களிலும் அப்படி மூன்று குடும்பங்கள். அதில் ஒன்று பர்சிலாவின் குடும்பம். தன் மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடின தாவீது ராஜாவுக்கு மெத்தையும் பாத்திரமும் கோதுமையும் பயறும் தேனும் வெண்ணெயும் கொண்டுவந்து கொடுத்தாரே, அந்த எண்பது வயது கீலேயாத்துக்காரர். அவருடைய மகள்களில் ஒருத்தியைக் கட்டிய ஓர் ஆசாரியன் மாமனார் வீட்டுப் பெயரையே வைத்துக்கொண்டான். எத்தனையோ தலைமுறைக்குப் பிறகும் அந்தப் பெயருக்கு மதிப்பு இருந்தது. ஆனால் ஆசாரியனாக நிற்பதற்கு அந்த மதிப்பு உதவவில்லை.

இன்னொன்று கோசின் குடும்பம். இவர்கள் புதிதாக முளைத்தவர்கள் இல்லை. தாவீதின் நாட்களில் ஆசாரியரை 24 வகுப்பாகப் பிரித்தபோது ஏழாவது சீட்டு இந்த வீட்டுக்குத்தான் விழுந்தது. அப்படிப்பட்டவர்கள் அட்டவணையைத் தேடுகிறார்கள், பெயர் இல்லை. கர்த்தருடைய சித்தத்தைக் கேட்டறிய உதவும் ஊரீம் தும்மீமோடு ஓர் ஆசாரியன் எழும்பும்வரை, ஆசாரியருக்கு மட்டும் உரிய காணிக்கைப் பங்காகிய மகா பரிசுத்தமானதைப் புசிக்கக்கூடாது என்று அதிபதி சொல்லிவிட்டார். முடிவு தெரியாமல் காத்திருங்கள் என்பதுதான் அதன் பொருள்.

நான் அவர்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். கோபித்துக்கொண்டு ஒதுங்கியிருப்பேனோ? நம் சபைகளில் ஒரு பொறுப்பு கைக்கு வராமல் போனாலே ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. "எங்கள் தாத்தா உபதேசியார், நாங்கள் நாலாம் தலைமுறை" என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு, நேற்று விசுவாசத்துக்குள் வந்தவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைக்கிற பழக்கமும் உண்டு. இரண்டு பக்கத்தாரும் இந்த அதிகாரத்தை நிதானமாக வாசிக்க வேண்டும்.

கோசின் வீட்டார் ஒதுங்கிப் போகவில்லை. கி.மு. 445-ல் நெகேமியா எருசலேமின் மதிலைக் கட்டுகிறார். அவர் பெயரிலுள்ள புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் இன்னொரு நீளமான பெயர்ப் பட்டியல். 4-ம் வசனத்தில், கோசின் குமாரனாகிய உரியாவின் மகன் மெரெமோத் தன் பங்கைக் கட்டுகிறார். 21-ம் வசனத்தில் அதே பெயர் மறுபடியும் வருகிறது. ஒரு பங்கோடு நிற்காமல் இரண்டாம் பங்கும் எடுத்திருக்கிறார். அது எந்த இடம் தெரியுமா? பிரதான ஆசாரியன் எலியாசிபின் வீட்டு வாசலிலிருந்து அந்த வீட்டின் கடைசிவரை. ஆசாரியப் பந்தியில் பங்கில்லை என்று சொல்லப்பட்ட குடும்பத்துப் பிள்ளை, பிரதான ஆசாரியனின் வீட்டுக்குப் பாதுகாப்பாக மதில் எழுப்பியிருக்கிறார்.

அதற்கு முன்பே, எஸ்றா 8-ல், பாபிலோனிலிருந்து வந்த வெள்ளியும் பொன்னும் ஆலயத்தில் நிறுக்கப்பட்டபோது அதை எடை பார்த்து வாங்கியவர் ஆசாரியனான உரியாவின் குமாரன் மெரெமோத். இரண்டும் ஒரே ஆள் என்றுதான் பல வேத அறிஞர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கும் அப்படியே படுகிறது. விலக்கு எந்த நாளில், யாரால் நீங்கியது என்று வேதம் சொல்லவில்லை. காத்திருந்த அத்தனை வருடங்களிலும் அந்த வீட்டார் ஆலயத்தை விட்டு விலகிப் போகவில்லை என்பதை மட்டும் இந்த இரண்டு அதிகாரங்களிலிருந்தும் தெரிந்துகொள்கிறோம்.

இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் எஸ்றா இரண்டையும் நெகேமியா மூன்றையும் சேர்த்து வாசியுங்கள். பெயர்கள் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைகளையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கோசின் பெயர் எங்கெங்கே வருகிறது என்று அவர்களே தேடட்டும். நேயர்களுக்கு நன்றி, வணக்கம்.