காணாமல் போனவனைக் காணாதவர் யார்?

அவையோருக்கு வணக்கம்.

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று வீட்டில் இல்லை. இதைச் சொல்லத் தமிழில் இரண்டு வழிகள் இருக்கின்றன. 'காணாமல் போனான்' என்று சொன்னால் நாம் விளக்கை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்புகிறோம். 'ஓடிப்போனான்' என்று சொன்னால், "காசு தீர்ந்தால் தானே வருவான்" என்று திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறோம். பெண்பிள்ளையாக இருந்தால் இன்னும் மோசம். 'ஓடிப்போனாள்' என்ற சொல்லுக்குள்ளேயே தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது, 'யாரோடு?' என்ற கேள்வி மட்டும்தான் பாக்கி. குறை சொல்ல வரவில்லை, நானும் அந்தச் சொல்லை வாய் கூசாமல் சொன்னவன்தான்.

வீட்டை விட்டுப் போனது ஒரு நிகழ்ச்சி. அதன் பிறகு இல்லாமலே போனது வேறொரு நிகழ்ச்சி. முதலாவதைச் செய்தது அந்தப் பிள்ளை. இரண்டாவதையும் அந்தப் பிள்ளைதான் செய்தது என்று எப்படி முடிவுகட்டினோம்? கோபித்துக்கொண்டு போகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் சில நாள்களில் திரும்பிவிடுகிறார்கள் என்பது உண்மை. அந்த உண்மைதான் திரும்பாத ஒருவனுக்கு எமனாக முடிகிறது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1970 முதல் 1973 வரை அங்கே பையன்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். பலர் 'ஹைட்ஸ்' என்ற ஒரே பகுதியைச் சேர்ந்தவர்கள். அடுத்தடுத்த தெருக்களில் இருந்தவர்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பெற்றோர் காவல் துறையிடம் போனார்கள். பலருக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: "உங்கள் மகன் ஓடிப்போயிருப்பான்." 1973 ஆகஸ்டில் டீன் கோர்ல் என்பவனை அவனுடைய கூட்டாளியே சுட்டுக் கொன்ற பிறகுதான் உண்மை வெளியே வந்தது. ஒரு படகுக் கொட்டகையின் தரையைத் தோண்டினார்கள். ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் தோண்டினார்கள். இன்று உறுதியாகத் தெரிந்த கணக்கின்படி, கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 28 பேர்.

இதில் என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த எண்ணிக்கை அல்ல. சில பையன்களை மிரட்டி, 'நான் நலமாக இருக்கிறேன், தேட வேண்டாம்' என்கிற பாணியில் வீட்டுக்குக் கடிதம் எழுத வைத்திருக்கிறான் அந்தக் கொலைகாரன். ஊர் எந்தக் கதையை நம்பத் தயாராக இருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. 'ஓடிப்போனவன்' என்ற பட்டத்தை நாம் கொடுத்தோம். அதற்குப் பின்னால் அவன் ஒளிந்துகொண்டான்.

அடுத்த ஆண்டே, வீட்டை விட்டு வெளியேறும் இளையோருக்கென ஒரு சட்டம் அங்கே வந்தது. ஆனால் சிறுவர் காணவில்லை என்று புகார் வந்தால் காத்திருப்புக் காலம் எதுவும் வைக்கக் கூடாது என்று நாடு முழுமைக்கும் சட்டமாக்க 1990 ஆகிவிட்டது. இந்தியாவில் 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது: குழந்தை காணவில்லை என்ற புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், கடத்தலாகவே முதலில் கருத வேண்டும். 18 வயது நிறையாத எல்லோருக்கும் இது பொருந்தும், 'ஓடிப்போனவர்களுக்கும்'. நான்கு மாதங்களில் கண்டுபிடிக்க முடியாவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதும் விதியாக இருக்கிறது. ஏட்டில் குறை சொல்ல முடியாது.

காவல் துறையை மட்டும் சொல்லிவிட்டு நான் இறங்கிவிட்டால் கைதட்டுவீர்கள். வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பார்ப்போம்.

விசாரிக்க வருகிறவர் முதலில் கேட்பது, "வீட்டில் ஏதாவது சண்டை நடந்ததா?" உடனே வரும் பதில், "அப்படி எதுவும் இல்லை ஐயா." முதல் நாள் இரவு தகப்பன் அடித்திருப்பார். மதிப்பெண் அட்டையைக் கிழித்து எறிந்திருப்பார்கள். யாரோ ஒரு உறவினரைக் கண்டாலே அந்தப் பெண் நடுங்கியிருப்பாள். மானம் போய்விடும் என்று அதையெல்லாம் மூடிவிடுகிறோம். எதற்குப் பயந்து ஓடினான் என்று தெரிந்தால்தானே எந்தப் பக்கம் ஓடினான் என்று யோசிக்க முடியும்? அடிக்குத் தப்பி, உடுத்திய துணியோடு ஓடியவனைத் தேடும் முறை வேறு. மாற்றுடையும் கைபேசியின் சார்ஜரும் சேர்த்த காசும் எடுத்துக்கொண்டு யாரையோ நம்பிப் போனவளைத் தேடும் முறை வேறு. எதை எடுத்துப் போனாள், எதை விட்டுப் போனாள் என்று அலமாரியைப் பார்த்து எழுதிக்கொடுங்கள். புகைப்படம் கேட்டால், தலை படிய வாரிச் சீருடையில் நிற்கிற படத்தையே எடுத்து நீட்டுகிறோம். நான்கு நாள் சாப்பிடாமல் அலைகிறவன் அந்தப் படத்தைப் போல் இருக்க மாட்டான். அண்மையில் எடுத்தது, இயல்பாகச் சிரிப்பது, பக்கவாட்டு முகம் தெரிவது என இரண்டு மூன்றாவது கொடுங்கள். ரயில் நிலையக் கேமராவும் நமக்காகக் காத்திருக்காது. பழைய பதிவின் மேலேயே புதியது பதிந்துவிடும். "இரண்டு நாள் பார்ப்போம்" என்று நாம் தள்ளிப்போடும் நாள்களில் அழிவது அதுதான்.

பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர், இந்தக் குடும்பங்களின் துயரத்தை முடிவு தெரியாத இழப்பு என்று வகைப்படுத்தினார். அழுது முடிக்கவும் முடியாது, நம்பி இருக்கவும் முடியாது. ஏழு ஆண்டுகள் செய்தி இல்லையென்றால் இறந்தவராகக் கருத நம் சாட்சியச் சட்டம் இடம் கொடுக்கிறது. சொத்துக்கு அது உதவும்.

சிக்காகோ அருகே 33 பேரைக் கொன்ற ஜான் வெய்ன் கேசி 1978 டிசம்பரில் பிடிபட்டான். கிடைத்த உடல்களில் எட்டுக்குப் பல ஆண்டுகளாகியும் பெயர் இல்லை. 2011இல் அந்த வழக்கை மறுபடி திறந்து, எலும்புகளை எடுத்து, காணாமல் போன மகன்களின் குடும்பத்தார் முன்வர வேண்டும் என்று அதிகாரிகள் அழைத்தார்கள். 1976இல் வீட்டை விட்டுக் கிளம்பிய 16 வயதுப் பையன் ஒருவன், சிக்காகோ வந்து சேர்ந்ததும் தாயைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறான். அதன் பிறகு பேச்சு இல்லை. 2017இல், 41 ஆண்டுகள் கழித்து, உடன்பிறந்தவர்கள் கொடுத்த மரபணு மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் அந்த எலும்புகளுக்குப் பெயர் கிடைத்தது. அதுவரை கோப்பில் அவனுக்கு இருந்தது ஓர் எண் மட்டுமே.