மாப்பிள்ளை தண்ணி வாக்கறாரு

நடுவர் ஐயா அவர்களுக்கும், காலையிலிருந்து மாடு கன்னுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, பட்டிப் பொங்கல் வைத்த அலுப்போடு இந்தக் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கிற என் ஊர் மக்களுக்கும் வணக்கமுங்க.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது இருப்பது நெதர்லாந்து நாட்டில், ஐந்தோவன் என்கிற ஊரில். இன்றைய தலைப்பு, "வெளிநாட்டில் வாழும் பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதா, கணவனோடு அங்கேயே இருப்பதா?" என்பது. அங்கேயே இருப்பதுதான் சரி என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணியில் பேசிய அக்கா, அமெரிக்காவில் பிள்ளை பெற்ற தன் மகளின் கதையைச் சொன்னார்கள். பன்னிரண்டு வாரத்தில் பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள் என்று சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது. அக்கா சொன்னது உண்மை. அந்த நாட்டில் 1993-இல் வந்த சட்டம் தருவது சம்பளமில்லாத 12 வார விடுப்பு. அதுவும் எல்லோருக்கும் கிடையாது. நம் நாட்டில் 2017-இலிருந்து 26 வாரம் சம்பளத்தோடு தருகிறோம். அந்த இடத்தில் நாம் மேல்தான், மனதார ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளிநாடு என்றால் எல்லாம் ஒரே நாடு இல்லைங்க. நான் பிள்ளை பெற்ற நாட்டைப் பற்றித்தான் நான் பேச முடியும்.

முதலில் ஒரு கணக்கு. தாய்வீட்டுக்கு வருவது என்று முடிவு செய்தால், எப்போது கிளம்புவது? முப்பத்தாறு வாரத்துக்கு மேல் பெரும்பாலான விமானங்களில் ஏற்ற மாட்டார்கள். அதற்கு முன்பே மருத்துவர் கடிதம் கேட்பார்கள். அதனால் வளைகாப்போடு ஏழாம் மாதமே வந்துவிட வேண்டும். குழந்தை பிறந்ததும் அதற்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், பிறகு அந்த நாட்டுக்குள் போக விசா எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து கிளம்பும்போது குழந்தைக்கு நாலைந்து மாதம் ஆகியிருக்கும். அந்த அரை வருடமும் அப்பன் எங்கே இருக்கிறான்? கைப்பேசிக்குள் இருக்கிறான். நான் கேட்பது அவனைப் பற்றித்தான்.

2022 அக்டோபரில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. சிக்கல் இல்லாத பிரசவம் என்றால் அங்கே அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான். "பெத்த உடம்பை அன்னிக்கே அனுப்பறாங்களா!" என்று அம்மா போனில் அழுதே விட்டாள். ஆனால் நாங்கள் வீட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா வந்து கதவைத் தட்டினார்கள். க்ராம்சோர்க் என்று அங்கே ஒரு ஏற்பாடு. பயிற்சி பெற்ற செவிலி ஒருவர், பிள்ளை பெற்றவள் வீட்டுக்கே வந்து முதல் எட்டு நாள் வரைக்கும் பார்த்துக்கொள்வார். தாய்க்கும் பிள்ளைக்கும் தேவைப்படுவதைப் பார்த்து 24 மணி நேரத்திலிருந்து 80 மணி நேரம் வரை தருவார்கள். பணக்காரருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், அடிப்படை மருத்துவக் காப்பீட்டிலேயே இது வந்துவிடும். மணிக்கு ஒரு சிறு தொகைதான் நாம் கட்ட வேண்டும்.

அந்த அம்மா வந்ததும் முதலில் பார்த்தது என் கட்டிலைத்தான். பிரசவத்துக்கு முன்பே கட்டிலின் கால்களுக்கு முட்டுக் கொடுத்து, இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைக்கச் சொல்லியிருந்தார்கள். கவனிக்க வருகிறவர் குனிந்து குனிந்து முதுகைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. அப்புறம் வெந்நீர்க் குப்பி. நம்ம ஊரில் குழந்தையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி அணைத்துக்கொள்வோம். அங்கே தொட்டிலுக்குள் ஒரு இரும்புக் குப்பியில் சுடுதண்ணீர் நிரப்பி வைக்கிறார்கள். அந்த அம்மா குப்பியை மூடி, தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு சொட்டாவது கசிகிறதா என்று பார்த்தார்கள். துணி உறை போட்டார்கள். குழந்தையைத் தொடாமல் ஒரு கை அகலம் தள்ளி, மூடி கால்பக்கம் பார்க்கிற மாதிரி வைத்தார்கள். காலையும் மாலையும் குழந்தையின் உடம்புச் சூட்டை அளந்து எழுதச் சொன்னார்கள். முப்பத்தாறரைக்கும் முப்பத்தேழரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் குப்பி, கூடினால் ஒரு போர்வையை எடுத்துவிட வேண்டும்.

இதையெல்லாம் யாரிடம் சொன்னார்கள் தெரியுமா? என்னிடம் இல்லை. நான் படுத்திருந்தேன். என் வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்து அவர் கையில்தான் குப்பியைக் கொடுத்தார்கள். தொப்புளைத் துடைப்பது, ஏப்பம் வர வைப்பது, எத்தனை முறை ஒன்னுக்குப் போனது என்று குறிப்பது, எல்லாம் அவருக்குத்தான் பாடம். அவிநாசிப் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த மனுஷன். அதுவரைக்கும் ஒரு பச்சைக் குழந்தையைத் தூக்கியதில்லை. முதல் நாள் அவர் கை நடுங்கியது. எட்டாம் நாள் ஒரு கையில் தலையையும் கழுத்தையும் தாங்கி, மறு கையில் தண்ணீர் மொண்டு ஊற்றினார்.

இதில் நம்ம ஊர் மணமும் இருந்ததுங்க. பிள்ளை பிறந்த வீட்டுக்கு யார் வந்தாலும் அங்கே மொறுமொறு ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே சர்க்கரை பூசிய சோம்பு தூவிக் கொடுப்பார்கள். அதற்கு அவர்கள் மொழியில் "சின்ன எலிகள்" என்று பேர். பெண் குழந்தை என்றால் ரோஸ் கலர், ஆண் என்றால் நீலம். எதற்குச் சோம்பு என்று கேட்டேன். பால் ஊறும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கையாம். அம்மாவிடம் சொன்னேன். "அட, அங்கயும் நம்ம மாதிரி சனந்தான் கண்ணு" என்று அன்றைக்குத்தான் அம்மா முதல் தடவை சிரித்தாள்.

"அம்மிச்சி கைப்பக்குவம் கடையில் கிடைக்குமா?" என்று எதிரணியில் பெரியவர் கேட்டார். கிடைக்காதுங்க. ஆனால் அம்மிச்சி விமானம் ஏறலாமே! குழந்தை பிறந்த இருபதாம் நாள் அம்மா வந்து சேர்ந்தாள். சுற்றுலா விசாவில் 90 நாள் இருக்கலாம், முழுசும் இருந்தாள். சுக்கு, மிளகு, திப்பிலி, கொள்ளு, அரப்புத்தூள் எல்லாம் வந்தது. நெய் மட்டும் வரவில்லை. பால் பொருள் எதையும் அந்த நாட்டுக்குள் விட மாட்டார்கள். அம்மா அசரவில்லை. அங்கே விற்கிற உப்பில்லாத வெண்ணெயை வாங்கி, அடி கனத்த சட்டியில் உருக்கி, முருங்கைக்கீரைக்குப் பதிலாக இரண்டு கறிவேப்பிலை போட்டு இறக்கினாள். டிசம்பரில் எட்டே முக்காலுக்கு விடிந்து நாலரைக்கு இருட்டுகிற ஊர் அது. அந்த இருட்டுக்குள் அந்த நெய் மணம் வந்தபோது நான் என் ஊரில்தான் இருந்தேன்.

அம்மா வந்த மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வென்னீர் வைத்து, கால் நீட்டி உட்கார்ந்து குழந்தைக்குத் தண்ணி வாக்க அம்மா தயாரானாள். இவர் ஒன்றும் பேசாமல் முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, குழந்தையைக் கையில் வாங்கி, கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு என்று ஒவ்வொன்றாகத் துடைத்து வார்த்தார். குழந்தை அழவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா துண்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அப்புறம் சமையலறைக்குள் போய் அப்பாவுக்குப் போன் போட்டாள். "ஏனுங்க, மாப்பிள்ளை தண்ணி வாக்கறாருங்க." அந்தப் பக்கம் அப்பா என்ன சொன்னாரோ தெரியாது. போனை வைத்துவிட்டு அம்மா என்னிடம் சொன்னாள், "உங்கப்பா உன்னயத் தூக்குறப்ப உனக்கு மூணு மாசம் கண்ணு. கழுத்து நிக்கட்டும், கழுத்து நிக்கட்டும்னு நாங்கதான் குடுக்கல."

கேளுங்க. கொடுக்கவில்லை. எங்க அப்பாவுக்கு ஆசை இல்லாமல் இல்லை. இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற எத்தனையோ அப்பன்மார், ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் பழப்பையோடு வந்து, தூளியை விலக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, விருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள்தான். பால் கொடுக்கிற நேரம், தலைக்கு ஊற்றுகிற நேரம் என்று வாசல் திண்ணையிலேயே உட்கார வைத்தோம். அது அவர்கள் குற்றம் இல்லை, நம் ஏற்பாடு அப்படி. அந்த நாட்டில் அப்பனுக்கு ஒரு வாரம் முழுச் சம்பளத்தோடு விடுப்பு, 2020 ஜூலையிலிருந்து அதற்கு மேல் ஐந்து வாரம் 70 சதவீதச் சம்பளத்தோடு விடுப்பு. நம் நாட்டில் மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் இருக்கிறது. தனியாரில் வேலை பார்க்கிற அப்பனுக்குச் சட்டத்தில் ஒரு நாளும் இல்லை.

தனிமையைப் பற்றி எதிரணி நிறையப் பேசினார்கள். அதை மறைக்க மாட்டேன். ஜனவரிக் கடைசியில் அம்மா ஊருக்குத் திரும்பினாள். பிப்ரவரி முழுக்கச் சாம்பல் வானம். அவர் வேலைக்குப் போனபின் நானும் குழந்தையும் மட்டும். குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. குழந்தை பெற்ற சந்தோஷத்தில் இருக்க வேண்டியவள் அழுகிறேனே என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ராத்திரி அவர் கேட்டார், "அஞ்சு நாளா நீ உங்கம்மாவுக்குப் போன் பண்ணல. என்னாச்சு சாமி?" அவர் என்னை மட்டும் பார்க்கவில்லை, நான் செய்யாமல் விட்டதையும் பார்த்திருந்தார்.

அந்த வாரமே குழந்தைக்கு எடை பார்க்கிற நிலையத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே செவிலி குழந்தையை அளந்து முடித்துவிட்டு, "உனக்கு எப்படி இருக்கிறது?" என்று என்னைக் கேட்டார். 10 கேள்விகள் உள்ள ஒரு படிவம் கொடுத்தார். பிள்ளை பெற்றவளுக்கு வருகிற மனச்சோர்வைக் கண்டுபிடிக்க, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உருவாகி 1987-இல் வெளிவந்த படிவம் அது. உன்னால் சிரிக்க முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. முதல் கேள்விக்கே என்னால் பதில் எழுத முடியவில்லை. பிறகு குடும்ப மருத்துவர், சில வாரம் பேசித் தீர்க்கிற சிகிச்சை என்று போனேன். மிச்சம் வைத்திருந்த மூன்று வார விடுப்பை அவர் அப்போது எடுத்தார். இங்கே இருந்திருந்தால் இது வந்திருக்காது என்று சொல்வீர்கள். வருமுங்க. நம்ம ஊரிலும் வருகிறது. "பச்ச உடம்புக்காரி அழுவக்கூடாது" என்று சொல்லி அடக்கிவிடுகிறோம், பேர் வைக்காமல் விட்டுவிடுகிறோம். இந்தக் கூட்டத்தில் கைக்குழந்தையோடு இருக்கிற தங்கச்சி யாருக்காவது அப்படி இருந்தால், நாளைக்கே போய் டாக்டரைப் பாரு கண்ணு. பட்டிமன்றத்தில் நான் தோற்றாலும் பரவாயில்லை, இதை மட்டும் கேட்டுக்கோ.

கடைசியாக, சொந்தபந்தம். எதிரணியின் வாதங்களில் என்னை அசைத்தது இது ஒன்றுதான். பதினோராம் மாதம், ஆவணியில், காதுகுத்துக்கு ஊருக்கு வந்தோம். அம்மிச்சியின் குரல் கேட்டதும் குழந்தை தாவியது. அப்புச்சியிடம் போகவில்லை. எங்க அப்பா நாலு நாள், கையை நீட்டி நீட்டி மடக்கிக்கொண்டார். ஐந்தாம் நாள் காலையில், கட்டுத்தறியில் மாட்டுக்குத் தீவனம் போடும்போது, மாட்டைப் பார்க்கிற ஆசையில் தானாக அவர் தோளில் சாய்ந்தது. அந்த நாலு நாள் என் கணக்கில் கடன்தான். எங்க அப்பாவிடம் நான் அதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

அதற்கு அப்பா சொன்ன பதிலை மட்டும் சொல்லிவிட்டு உட்காருகிறேன். "நாலு நாள்தானே கண்ணு. நான் உன்னயத் தூக்க மூணு மாசம் காத்திருந்தேன்" என்றார்.

தீர்ப்பை உங்கள் கையில் விடுகிறேன், நடுவர் ஐயா. வணக்கமுங்க.