நெஞ்சு பெல்ட்டும் நெல்லை வெயிலும்

நேயர்களுக்கு வணக்கம்.

பத்து, பன்னிரண்டு வயதில் பையன் கிடுகிடுவென்று வளரும்போது, சட்டைப் பொத்தான் போட்டால் நெஞ்சின் நடுவில் ஏதோ முட்டிக்கொண்டு நிற்பதைச் சில வீடுகளில் கவனிப்பார்கள். விலா எலும்புகளை மார்பெலும்போடு சேர்க்கும் குருத்தெலும்பு அளவுக்கு மீறி வளர்ந்து, மார்பெலும்பை முன்னால் தள்ளிவிடுகிறது. புறா நெஞ்சு என்பார்கள். ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும். குருத்தெலும்பு இளக்கமாக இருக்கிற வயதிலேயே வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்தால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாகும். அதற்குத்தான் பெல்ட். குழி விழுந்த நெஞ்சுக்கு இது ஆகாது. அதற்கு உறிஞ்சி இழுக்கும் கிண்ணம் தனியாக உண்டு.

பெல்ட்டில் முன்னால் ஒரு திண்டு, முதுகில் ஒரு திண்டு, இரண்டையும் இணைக்க இரு பக்கமும் அலுமினியப் பட்டை, இறுக்கத் திருகு அல்லது வார். எத்தனை மணி நேரம் போட வேண்டும் என்பதை மருத்துவர் சொல்வார். முதல் சில நாட்கள் கொஞ்ச நேரம், பிறகு படிப்படியாகக் கூட்டி, குளிக்கவும் விளையாடவும் மட்டும் கழற்றுகிற அளவுக்குக் கொண்டுபோவது ஒரு முறை. நெஞ்சு தட்டையான பிறகு, வளர்ச்சி முடியும் வரை இரவில் மட்டும்.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு அர்ஜென்டினா மருத்துவர்கள் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். டூ வீலர் டயருக்குக் காற்றுப் பிடிக்கும்போது 25, 30 என்று சொல்வார்களே, அதே பி.எஸ்.ஐ. தான். துருத்திய எலும்பை உள்ளே அமுக்க 7.5 பி.எஸ்.ஐ.க்குள் போதுமானால் பெல்ட் நன்றாக வேலை செய்யும். ஆனால் தினமும் போட்டுக்கொண்டிருக்கும்போது 2.5ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் தோல் புண்ணாகும். ஒரு பி.எஸ்.ஐ. என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 70 கிராம். திண்டு 40 சதுர சென்டிமீட்டர் என்றால், 2.5க்கு ஏழு கிலோ பாரம் நெஞ்சின் மேல் இருக்கிறது. சின்னப் பாரம் இல்லை. அதனால்தான் பிள்ளைகள் கழற்றி வைத்துவிட்டு, "போட்டிருந்தேன்" என்று சொல்கிறார்கள். குற்றமாக எடுத்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

பிள்ளை பெல்ட்டை உண்மையில் எவ்வளவு நேரம் போட்டிருந்தது என்பதை அளக்கத்தான் சென்சார் வருகிறது. முதுகெலும்பு வளைவுக்குப் போடும் பெல்ட்டில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பெல்ட்டுக்குள் வெப்பமானி வைத்து, 28 டிகிரியும் அதற்கு மேலும் காட்டிய நேரத்தையெல்லாம் போட்டிருந்த நேரமாக எண்ணினார்கள். சராசரியாக ஒரு நாளைக்கு 12.9 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் பலன் கிடைத்தது.

அந்த 28 டிகிரியை அப்படியே தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்தால் என்ன ஆகும்? சித்திரை மாதம் தகரக் கூரைக்குக் கீழே கொடியில் தொங்குகிற பெல்ட்டே நாள் முழுக்க 28க்கு மேல்தான் காட்டும். குறுக்குத்துறையில் குளிக்கப் போன பையன் பெல்ட்டைப் படித்துறைக் கல்லில் வெயிலில் வைத்தால் 40ஐத் தாண்டும். பெல்ட்டுக்கு உள்ளே உடம்புச் சூடு 33 முதல் 36 வரை. மதியம் அறைச் சூடும் அதே எல்லைக்குள் நிற்கும். ஆக, நம் ஊரில் வெப்பத்தை மட்டும் நம்பினால் பெல்ட்டைத் தொடாத பிள்ளைக்கும் முழு மதிப்பெண் விழும். மார்கழி இரவிலோ மழை நாளிலோ வேண்டுமானால் அந்தக் கணக்கு ஓரளவுக்குச் சரி வரும்.

ஆகவே அழுத்தத்தை அளக்க வேண்டும். மலிவாகக் கிடைப்பது காகிதம் போல மெல்லிய அழுத்தச் சென்சார். அமுக்கினால் அதன் மின்தடை குறையும். அதில் இரண்டு கோளாறு. ஒன்று, பாரம் மாறாமல் இருந்தாலும் நேரம் போகப் போக அளவு தானாக ஏறிக்கொண்டே போகும். இரண்டு, வேர்வை. உவரி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் விளிம்பு வழியாக ஈரம் இறங்கி, போகப் போக சென்சார் உளற ஆரம்பிக்கும். ஆகவே திண்டுக்கும் தோலுக்கும் நடுவே சென்சாரை வைப்பதை விட, திண்டுக்கும் அலுமினியப் பட்டைக்கும் நடுவே சின்ன லோடு செல் வைப்பதே மேல். எலக்ட்ரானிக் தராசுக்குள் இருக்கிற அதே சாமான்தான். 20 கிலோ வரை தாங்குவது போதும். கூடவே எச்எக்ஸ்711 என்ற சிறு மின்னணுப் பலகை வேண்டும். லோடு செல் தரும் சின்ன மின் அளவை எண்ணாக மாற்றுவது அதுதான், வினாடிக்குப் பத்து முறை அளவெடுக்கும்.

பொருத்தியதும் அளவு சரிபார்க்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றி, திண்டு மேலே பார்க்கும்படி மேசையில் வைத்து, அதன் மேல் தட்டையான பலகை. பலகையை மட்டும் வைத்து ஓர் அளவு. பிறகு எடைபோட்ட அரிசிப் பை 2 கிலோ, 5 கிலோ, 8 கிலோ என்று ஏற்றிக் குறித்து, பிறகு 8, 5, 2 என்று இறக்கியும் குறிக்க வேண்டும். ஏறும்போது 5 கிலோவுக்கு வந்த எண்ணும் இறங்கும்போது வந்த எண்ணும் ரொம்ப விலகினால், எங்கோ திருகு தளர்ந்திருக்கிறது அல்லது திண்டு பட்டையில் இடிக்கிறது.

இனி முக்கியமான விஷயம். தொடர்ந்து அளக்க வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 20 வினாடி அளந்தால் போதும். அந்த 20 வினாடியில் அளவு ஒரே கோடாக நிற்கக் கூடாது. மூச்சு இழுக்கும்போது நெஞ்சு விரிந்து அழுத்தம் கொஞ்சம் ஏறும், விடும்போது இறங்கும். அசையாமல் இருக்கிற பையன் நிமிடத்துக்குச் சுமார் 18 முறை மூச்சு விட்டால் 20 வினாடியில் ஆறு அலை தெரியும். தலையணையில் பெல்ட்டை இறுக்கிக் கட்டி வைத்தால் அழுத்தம் இருக்கும், அலை இருக்காது. வள்ளியூர் பஸ்ஸில் போகும்போது குலுக்கலும் அலை போலப் பதிவாகும். ஆனால் அது மூச்சை விடப் பல மடங்கு வேகமானது, பிரித்துவிடலாம். சராசரி, அலையின் உயரம், வெப்பம் என மூன்று எண்ணை மட்டும் சேமித்தால் ஒரு நாளைக்கு 144 வரிதான். ப்ளூடூத்தை எப்போதும் திறந்து வைக்காமல் நாளுக்கு ஒருமுறை அனுப்பினால், 500 மில்லியாம்பியர் மணி பேட்டரி மாதக்கணக்கில் வரும். பேட்டரியைப் பட்டையின் வெளிப்பக்கம் வையுங்கள், தோல் பக்கம் வேண்டாம். சார்ஜ் போடும்போது பெல்ட் உடம்பில் இருக்கவே கூடாது.

அளவு வாரா வாரம் குறைகிறது என்றால் சந்தோஷப்படுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். கழற்றிய பெல்ட் பூஜ்யம் காட்டுகிறதா? இல்லையென்றால் சென்சார் நகர்ந்திருக்கிறது. திண்டின் நுரை அமுங்கிப் போயிருக்கிறதா? விரலால் அழுத்தி விட்டால் எழும்ப வேண்டும். திருகு தளர்ந்திருக்கிறதா? இதற்கு எளிய வழி: இறுக்கிய அன்றே திருகுத் தலையிலிருந்து பட்டை வரை நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் திருகு சுழன்றிருக்கிறது. மூன்றும் சரியாக இருந்து அளவு குறைந்தால்தான் நெஞ்சு இளகி வழிவிடுகிறது என்று அர்த்தம். அப்போது மருத்துவர் மறுபடி இறுக்குவார். நீங்களாக இறுக்க வேண்டாம்.

சென்சாருக்குத் தெரியாத ஒன்று, திண்டு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. இரண்டு விரல் கீழே நழுவி வயிற்றுக்குழிப் பக்கம் அழுத்தினாலும் எண் அழகாகத்தான் வரும். துருத்தலின் உச்சியில் மை வைத்து, பெல்ட் போட்டபின் திண்டின் நடு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றியதும் தோல் சிவந்திருப்பது இயல்பு. அரை மணி நேரத்தில் மறைய வேண்டும். மறையவில்லை, அல்லது தோல் உரிந்திருக்கிறது என்றால், எண் 2.5க்குக் கீழே இருந்தாலும் பெல்ட்டைப் போடாமல் மருத்துவரிடம் போங்கள். உள்ளே மடிப்பில்லாத பருத்தி பனியன் போதும். வேர்க்குருவுக்குப் பவுடர் கொட்டினால் வேர்வையில் களிம்பாகித் தோலை அரிக்கும். தேங்காய் எண்ணெய் தடவினால் திண்டு வழுக்கும்.

மருத்துவமனைக்குப் போகும்போது போன் மட்டும் கொண்டுபோகாமல் பெல்ட்டையும், அளவு சரிபார்த்த நாளில் எழுதிய தாளையும் கொண்டுபோங்கள். அந்தத் தாள் இல்லாமல் போனில் இருக்கிற எண் எத்தனை கிலோ என்று யாராலும் சொல்ல முடியாது. வணக்கம்.