சின்ன நாடும் சிண்டிகேட்டும்

எல்லாருக்கும் வணக்கம். புதுசா உருவான நாடுகள்ல போட்டிச் சட்டம், அதாவது கம்பெனிங்க நியாயமா போட்டி போடுதான்னு பாக்குற சட்டம், எப்படி வளரணும்னு பேசக் கூப்பிட்டாங்க, ரொம்ப சந்தோஷமா வந்துட்டேன், ஏன்னா இது வக்கீலுங்களுக்குள்ளயே பேசி முடிச்சுக்கிற விஷயமா ஆயிடுச்சேன்னு எனக்கு பல நாளா ஒரு ஆதங்கம்.

சுதந்திரம் வாங்கி 20, 30 வருஷம்தான் ஆன ஒரு நாட்டை நினைச்சுக்கோங்க. கொடி இருக்கு, பார்லிமென்ட் இருக்கு, சென்ட்ரல் பேங்க் இருக்கு, ஆனா சிமென்ட் ஃபேக்டரி ஒண்ணே ஒண்ணு, துறைமுகம் ஒண்ணு, மாவு மில்லு ரெண்டோ மூணோ, ஜனத்தொகை கம்மிங்கறதால நாலாவதா ஒருத்தர் வந்து மில்லு போட்டா கட்டுப்படியாகாது. அரசாங்கம் நடத்திட்டிருந்த டெலிபோன் கம்பெனியை தனியாருக்கு வித்திருப்பாங்க, கூடவே அதோட ஏகபோகத்தையும் சேர்த்து வித்திருப்பாங்க. இந்த நிலமையில வெளியில இருந்து ஒரு நிபுணர் வருவாரு, பெரிய நாட்டுச் சட்டம் ஒண்ணை எடுத்து நாட்டோட பேரை மட்டும் மாத்திக் கொடுத்துட்டுப் போயிடுவாரு.

சட்டத்துல தப்பு இருக்காது. கூட்டு சேர்ந்து விலை ஏத்தக்கூடாது, சந்தையில பெரிய ஆளா இருந்துக்கிட்டு மத்தவங்களை நசுக்கக்கூடாது, பெரிய கம்பெனிங்க ஒண்ணா சேர்றதுன்னா முதல்ல அனுமதி வாங்கணும், பெரும்பாலான நாட்டுல இந்த மூணுதான். பிரச்சனை என்னன்னா, இந்தச் சட்டத்தை அமல்படுத்த அரசாங்கம் வெச்ச, அனுபவமே இல்லாத ஒரு சின்ன கமிஷன் மூணையும் ஒரே நாள்ல கையில எடுக்குது, எதுவும் உருப்படியா நடக்குறதில்ல. என்னைக் கேட்டா முதல்ல சிண்டிகேட்டை, அதாவது கூட்டு சேர்ந்து விலை ஏத்துறவங்களைப் பிடிங்கன்னுதான் சொல்வேன். ஒரே ஒரு சிமென்ட் ஃபேக்டரி இருக்கிற நாட்டுல அது பெருசா இருக்கறது குத்தமில்ல, வேற வழியில்லாம அப்படி இருக்கு, அது விலையை அநியாயமா வைக்குதான்னு நிரூபிக்க கணக்கு வழக்கு, பொருளாதார ஆளுங்க, வருஷக்கணக்கான வாதம் எல்லாம் வேணும். மூணு பேர் ரகசியமா உக்காந்து விலை பேசிக்கிட்டாங்கன்னா அதுக்கு நியாயமே சொல்ல முடியாது.

தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கோங்க. நிறவெறி ஆட்சி முடிஞ்சது 1994ல, போட்டிச் சட்டம் வந்தது 1998ல, அடுத்த வருஷம் செப்டம்பர்ல இருந்து கமிஷன் வேலை பாக்க ஆரம்பிச்சுது. 2006 டிசம்பர்ல வெஸ்டர்ன் கேப் பக்கம், ரொட்டியை கம்பெனிகிட்ட வாங்கி கடைகளுக்குப் போடுற சின்ன வியாபாரிங்க ஒரு புகாரோட வந்தாங்க. பிரீமியர், டைகர், பயனியர் மூணு கம்பெனியும் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல விலையை ஏத்திட்டு இவங்களுக்குக் குடுத்த தள்ளுபடியையும் குறைச்சிருக்காங்க, ஒரு கம்பெனியை விட்டு இன்னொண்ணுக்குப் போலாம்னு பாத்தா அங்கயும் கதவு சாத்தியிருக்கு. ஏழைங்க தினமும் சாப்பிடுற ரொட்டிங்க அது, மனசு எவ்வளவு கல்லா இருக்கணும் பாருங்க.

கமிஷன் விசாரணையை ஆரம்பிச்சதும் பிரீமியர் தானா வந்து உண்மையை ஒத்துக்கிச்சு. சிண்டிகேட்ல இருந்த ஒருத்தர் முதல் ஆளா வந்து எல்லாத்தையும் கக்கிட்டா அவருக்கு அபராதம் கிடையாதுன்னு ஒரு ஏற்பாடு இருக்கு, ரெண்டாவதா வர்றவருக்கு அந்த மன்னிப்பு கிடைக்காது, அதனால உள்ள இருக்கிறவங்களுக்கு ஒருத்தர் மேல ஒருத்தருக்கு பயம் வந்துடும், அவன் முந்திக்குவானோன்னு. டைகர் 2007ல கிட்டத்தட்ட 9 கோடியே 88 லட்சம் ராண்ட் (அந்த நாட்டுப் பணம்) கட்ட ஒத்துக்கிச்சு. பயனியர் கடைசி வரைக்கும் சண்டை போட்டுப் பாத்துது, 2010ல இந்த மாதிரி கேஸுக்குத் தீர்ப்பு சொல்ற ட்ரிப்யூனல் 19 கோடி ராண்டுக்கு மேல அபராதம் போட்டுது. தப்பு பண்ணவனை சும்மா விடுறதான்னு கேக்குறவங்க இருக்காங்க, எனக்கும் அது உறுத்தும்தான், ஆனா ரகசியமா பேசினதுக்கு சாட்சி உள்ள இருந்துதான் வரணும், வேற எங்க இருந்து வரும். அந்த ரொட்டி கேஸுக்கு அப்புறம் போட்டிச் சட்டம்னா என்னன்னு அங்க சாதாரண ஜனங்களுக்கே புரிஞ்சுது, அதனாலதான் எந்த கேஸை முதல்ல எடுக்கணும்ங்கறது இவ்வளவு முக்கியம்னு நான் திரும்பத் திரும்ப சொல்றேன்.

சட்டம் பாஸ் ஆனா மட்டும் பத்தாது. இந்தியாவுல 2002ல பாஸ் பண்ணாங்க, சிண்டிகேட் பத்தின பிரிவு நடைமுறைக்கு வந்தது 2009 மே மாசம். நடுவுல 7 வருஷம் எங்க போச்சு? தீர்ப்பு சொல்ற வேலையும் செய்யற கமிஷனுக்கு தலைவரா ஒரு ஐஏஎஸ் அதிகாரியைப் போடலாமா, நீதிபதிதானே இருக்கணும்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் கேஸ் போச்சு, 2007ல சட்டத்தையே திருத்த வேண்டியதாச்சு. அப்புறம் 2012ல கூட்டு சேர்ந்து விலை ஏத்தினாங்கன்னு கமிஷன்ல 11 சிமென்ட் கம்பெனிங்களுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டாங்க, நாடே திரும்பிப் பாத்துது. 2015ல அப்பீல் ட்ரிப்யூனல் அந்த உத்தரவை தூக்கிப் போட்டுடுச்சு. வாதம் நடந்தப்ப உக்காந்து கேக்காத தலைவர் கடைசியில உத்தரவுல கையெழுத்து போட்டிருந்தாரு, அதுதான் காரணம். திரும்ப முதல்ல இருந்து கேட்டு 2016ல மறுபடி அபராதம் போட்டாங்க. இவ்வளவு ஆள் பலம் இருக்கிற நாட்டுலயே இப்படின்னா, 15 பேர் வேலை பாக்குற ஒரு கமிஷன் இதைத் தாங்குமா? யார் விசாரிக்கிறது, யார் தீர்ப்பு சொல்றது, யார் எந்த தேதியில ஹியரிங்ல இருந்தாங்கன்னு எழுதி வெக்கிறது, இந்த சலிப்பான வேலையில முதல் ரெண்டு வருஷம் போனாலும் பரவால்ல.

ரொம்ப சின்ன நாடா இருந்தா தனியா கமிஷன் வெக்கணும்னு கூட இல்ல, கரீபியன் நாடுங்க சேர்ந்து சுரினாம்ல ஒரு பொது கமிஷன் வெச்சிருக்காங்க, எல்லை தாண்டி நடக்கிற தப்பை அது பாத்துக்கும்.

எங்க ஆரம்பிக்கலாம்னு கேட்டா நான் அரசாங்க டெண்டரைத்தான் காட்டுவேன். ரோடு, பள்ளிக்கூடக் கட்டடம், ஆஸ்பத்திரி மருந்து, இதெல்லாம் மொத்தமா வாங்குறது அரசாங்கம்தானே. ஒரே டெண்டருக்கு வந்த நாலு கவரைப் பிரிச்சு மேஜை மேல பரப்பி வெச்சுப் பாருங்க. அவங்க ரகசியமா பேசி வெச்சுப் போட்டிருந்தா நாலுலயும் ஒரே எழுத்துப் பிழை இருக்கும், ஒரே இடத்துல கூட்டல் தப்பு இருக்கும், தோத்த கம்பெனி ஜெயிச்சவனுக்கே சப் கான்ட்ராக்டரா வந்து நிக்கும், இந்த வருஷம் இவன் போன வருஷம் அவன்னு முறை வெச்சு ஜெயிச்சிருப்பாங்க. இதைக் கண்டுபிடிக்க ரெய்டு வேணாம், பெரிய படிப்பு வேணாம். ஃபைல் எல்லாம் ஏற்கெனவே அரசாங்க பீரோவுலதான் இருக்கு, கமிஷன் திறந்த முதல் வாரமே கொள்முதல் டிபார்ட்மென்டுக்கு ஒரு லெட்டர் போடலாம், கடைசி அஞ்சு வருஷ டெண்டர் கவரை எல்லாம் அனுப்புங்க, தோத்தவங்களோடதையும் சேர்த்துன்னு.

நன்றி, வணக்கம்.